ஒளி கடந்த இடைவெளி: ஜகதீச சந்திர போஸ் சரிதையில் ஒரு பகுதி

ஜகதீச சந்திர போஸ் என்னும் பெயரைக் கேட்டதும் நம் பெரியோர்களுக்குத் தொட்டாற்சுருங்கி நினைவுக்கு வரும். மரஞ்செடிகளும் ஊறு உணரும் என்பதைக் கருவி கொண்டு காட்டிய ஞானி என்றே அவரைப் பாடசாலையிற் படித்தோம். கம்பியில்லாத் தந்திக்கு முன்னோடி அவரா, மார்க்கோனியா என்ற வாதத்தை இளைஞர் சிலரும் கேட்டிருப்பர். இவ்விரண்டுக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத காரியம் ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. இரண்டு கண்ணாடிக் கட்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் கதிர் தாண்டிச் செல்லும், எவ்வளவு விட்டால் தாண்டாது நிற்கும் என்பதை 1897ஆம் ஆண்டில் அவர் அளந்து பார்த்தார். இன்று மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியையே ஓடவிட்டுச் செய்தியனுப்பும் சிலிக்கன் சில்லுகளினுள்ளே நிகழ்வதும் அக்காரியமே. ஆகவே அந்த இடைவெளியை நடுநாயகமாக வைத்து அப்பெரியாரின் சரிதையை ஈண்டு கூறுவோம்.

போஸ் அவர்கள் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி கிழக்கு வங்காளத்திலே பிறந்தார்கள். அப்பகுதி இன்று பங்களாதேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் பகவான் சந்திர போஸ் பரீத்பூரில் உதவி நீதிபதியாக இருந்தவர். அக்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதே கௌரவம் என்று கருதப்பட்டது. பகவான் சந்திரரோ மகனை வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பின்னரே பிறமொழி என்பது அவர் கொள்கை. அப்பள்ளியிலே அவர்தம் ஏவலாளரான இஸ்லாமியரின் மகன் ஒரு பக்கமும் மீனவர் ஒருவரின் மகன் மறுபக்கமும் அமர, நடுவே ஜகதீசர் இருந்து படித்தார். ஆற்று மீன்களையும் நீர்ப்பிராணிகளையும் பற்றி அந்தத் தோழர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்பால் தம் மனத்தைத் திருப்பின என்பதைப் பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

பின்பு கல்கத்தா சென்று சேவியர் கல்லூரியிற் கற்றார். அங்கே பௌதிகம் போதித்தவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் லாபொன். விரிவுரை மேசையில் பரிசோதனைகளைச் செய்து காட்டியே பாடஞ் சொல்வதில் அவர் வல்லவர். மாணவனின் கைகளும் அறிவோடு சேர்ந்து பழகியது அந்த மேசையருகே என்று சொன்னால் மிகையாகாது. சிவில் சேவைப் பரீட்சைக்குப் போக வேண்டும் என்று ஜகதீசர் விரும்பினார். தந்தையார் தாமே அவ்வாறான உத்தியோகத்தில் இருந்தும் அதற்கு இணங்கவில்லை. மகன் பிறரை ஆளாமல் கற்றவனாக வாழட்டும் என்றே கருதினார். ஆகவே 1880இல் வைத்தியம் பயில இலண்டன் சென்றார். போகுமுன்பே பற்றியிருந்த காய்ச்சல் அங்கேயும் அவரை விடவில்லை. பிணம் அறுத்துப் பார்க்கும் அறையின் நெடி அதை மேலும் வளர்த்தது. வைத்தியத்தைக் கைவிட்டு 1882இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார். அந்தக் காய்ச்சலுக்கு நாம் ஒருவகையில் கடமைப்பட்டவர்களே!

கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் முதல்வர் ரேலி பிரபு. வானம் நீலமாகத் தோன்றுவதற்குக் காரணங் கூறியவரும், ஒலியின் தத்துவத்தை இரு பெரும் பாகங்களாக எழுதியவரும் இவரே. இந்தக் குருவின் பெயரை நினைவில் வைத்துக் கொள்க. போஸின் இடைவெளியும் இவருடைய வட்ட மண்டபமும் ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து ஒரே மேசையில் சந்திக்கப் போகின்றன.

1885இல் தாயகம் திரும்பிய போஸ் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந்நாளில் ஒரே பதவி வகித்த ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆகவே கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு. அதை வாங்க அவர் மறுத்தார். பதவியை விட்டு விலகினாரா? இல்லை. கூச்சலிட்டாரா? அதுவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்றார், குறைவின்றிப் பாடம் நடத்தினார், மாத முடிவிற் சம்பளத்தைத் தொடாமல் வீடு திரும்பினார். இவ்வாறு மூன்று ஆண்டுகள். வீட்டு நிலையோ செழிப்பானதன்று. தந்தையார் மக்களுக்கு நன்மையாகும் என்று தொடங்கிய தொழில் முயற்சிகளில் முதலிழந்து பெருங்கடன் பட்டிருந்தார். முடிவில் மேலிடத்தார் இறங்கிவந்து, நியமன நாள் தொட்டு முழுச் சம்பளத்தையும் ஒருங்கே கொடுத்தனர். அத்தொகை தந்தையாரின் கடனுக்கே சென்றது. சத்தியாக்கிரகம் என்ற சொல் வழங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஓர் இளம் ஆசிரியர் அதனைத் தனியொருவராகச் செய்து காட்டினார் என்பது நம் எண்ணம்.

1887இல் அபலா தாஸ் என்னும் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் வைத்தியம் பயிலச் சென்னைக்கு வந்து அங்குள்ள மருத்துவக் கல்லூரியிற் படித்தவர். உடல்நலக் குறைவினால் படிப்பை முடிக்காது திரும்பினார். பிற்காலத்தில் வங்காளத்துப் பெண்கல்விக்கு இவர் ஆற்றிய தொண்டு தனிக் கட்டுரைக்குரியது.

1894ஆம் ஆண்டு, தமது முப்பத்தாறாவது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சியே தம் வழி என்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியிலோ ஆராய்ச்சிக்கென்று ஓர் ஆய்வுகூடம் இல்லை. கிடைத்தது ஒரு சிற்றறை. கருவிகளைச் செய்து தர அமர்ந்தவர் ஊர்த் தகரவேலைக்காரர் ஒருவர். செலவு தம் கைப்பணம். எடுத்துக்கொண்ட பொருளோ அக்காலத்தில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த மின்னலைகள்! ஜெர்மானியரான ஹேர்ட்ஸ் அவற்றை உண்டாக்கிக் காட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹேர்ட்ஸ் கையாண்ட அலைகள் அரை மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையவை. அவ்வளவு நீண்ட அலைகளைக் கொண்டு முறிவு, தெறிப்பு முதலான ஒளியின் குணங்களைச் சோதிக்க மிகப் பெரிய கருவிகள் வேண்டும். போஸ் அலையைச் சுருக்கினார். ஐந்து மில்லிமீட்டர் அளவு வரை அதனைக் குறுக்கி, அதனாற் கருவி முழுவதையும் ஒரு மேசைக்குள் அடக்கினார். அலையின் அதிர்வுத் தளத்தைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி இல்லாதபோது, தடித்த புகையிரத நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கிடையே ஈயத்தாள்களைச் செருகி அதனையே கருவியாக்கினார். முறுக்கிய சணற்கட்டினூடே அலையைச் செலுத்தி, அதிர்வுத் தளம் திரும்புவதையும் கண்டார். சணல் வங்காளத்தின் பயிரன்றோ!

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களையும் மனித உடலையும் ஊடுருவிச் சென்ற அவருடைய அலை, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் கொளுத்தியது. கந்தகத்தில் மின்கதிரின் முறிவு பற்றிய அவரது கட்டுரையை ரேலி பிரபு அதே ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்துக்கு அறிமுகஞ் செய்து வைத்தார். 1897 சனவரியில் இலண்டன் இராயல் நிலையத்தின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுக்கு அழைக்கப்பட்டார். அந்த மேடை எளிதில் எவருக்கும் கிட்டுவதன்று.

இனி அந்த இடைவெளிக்கு வருவோம். அதே 1897ஆம் ஆண்டில், முழுவுட்டெறிப்பில் காற்றிடைவெளியின் தடிப்பு என்ன செய்கின்றது என்பது பற்றிய ஆராய்ச்சியை அவர் இராயல் சங்கத்தின் முன் வைத்தார்.

ஒரு கண்ணாடிக் கிளாசில் நீர் நிரப்பிக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து சாய்வாக நீரின் மேற்பரப்பைப் பாருங்கள். அது வெள்ளித் தகடு போலப் பளபளக்கும். நீருக்குள்ளிருந்து மேலே செல்லும் ஒளி, சாய்வு மிகுந்தபோது காற்றுக்குள் வெளியேற முடியாமல் முற்றாக உள்ளேயே திரும்பிவிடுகின்றது. கண்ணாடி அரியத்துக்குள்ளும் இவ்வாறே. இதுவே முழுவுட்டெறிப்பு. ஆனால் திரும்புகின்ற அலை பரப்பைத் தொட்ட அக்கணமே திரும்பிவிடுவதில்லை. வாசற்படி தாண்டி முற்றத்தில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்புபவனைப் போல, ஏறத்தாழ ஓர் அலைநீளத் தூரம் காற்றினுள் எட்டிப் பார்த்தே மீள்கின்றது. எட்டிப் பார்க்கும் அந்தத் தூரத்துக்குள் இன்னொரு கண்ணாடி இருக்குமானால், கதிரின் ஒரு பங்கு அதனுட் புகுந்து தன்வழியே போய்விடும்!

நியூட்டன் அவர்களே இதன் சாயலைக் கண்டவர். அரியத்தின்மேல் சற்றுக் குவிந்த வில்லையை அழுத்தியபோது, கண்ணாடிகள் மெய்யாகத் தொட்ட இடத்தைவிட அகலமான பகுதியில் ஒளி கடந்து சென்றது. எனினும் அந்த இடைவெளியை எவ்வாறு அளப்பது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்தது. அவ்வளவு நுண்ணிய இடைவெளியை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் அக்காலத்துக் கருவிகளால் எளிதில் முடியாது. போஸின் கதிரும் ஒளியின் இனத்தைச் சேர்ந்ததே; அலைநீளம் மட்டும் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆகவே இடைவெளியும் பல்லாயிரம் மடங்கு பெரிதாகி மில்லிமீட்டர் கணக்கில் வந்து நின்றது. ஒளியைப் பெருப்பித்து வைத்து அளந்தார் என்று சொல்லலாம். எம் மதிப்பில் அவருடைய பரிசோதனைகளுள் அழகிற் சிறந்தது இதுவே.

கண்ணாடியாலான அரை உருளைகளையும் அரியங்களையும் எதிரெதிரே வைத்து, நடுவேயுள்ள காற்றிடைவெளியைச் சிறிது சிறிதாக மாற்றினார். இடைவெளி சிறியதாயிருக்கையிற் கதிர் பெரும்பாலும் தாண்டிச் சென்றது. அகற்ற அகற்றத் தாண்டிய பங்கு குறைந்தது; தெறித்த பங்கு அதற்கு ஈடாகப் பெருகியது. ஓர் அளவுக்கு மேல் தாண்டியது ஒன்றுமில்லை. கதிர் சாய்வாகப் படப்பட, அதைத் தடுக்கக் குறைந்த இடைவெளியே போதும் என்றும், அலைநீளம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும் என்றும் அளந்து காட்டினார். கதிரைத் துளித்துளியாகத் திறந்துவிடும் ஒரு குழாய்த் திருகு அவர் கைக்கு அகப்பட்டுவிட்டது.

அதன்பின் அவர் வாழ்வு வேறு திசைகளில் ஓடியது. நாமும் விரைவாக ஓடுவோம். 1900இல் பாரிஸ் நகரிற் கூடிய பௌதிகவாதிகள் மகாநாட்டில் உயிருள்ளவையும் இல்லாதவையும் மின்தூண்டலுக்குக் காட்டும் ஒப்புமையைப் பற்றிப் பேசினார். அப்போது சுவாமி விவேகானந்தரும் பாரிஸில் இருந்து அவருடைய புகழைக் கண்டு உளம் பூரித்தார். ஈயத்தாதான கலீனாவைக் கொண்டு செய்த உணர்கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதுவும் சேரா புல் என்னும் அமெரிக்க அம்மையார் வற்புறுத்தியதன் பேரிலே விண்ணப்பித்தது. கண்டறிந்ததை விலைக்கு விற்பதில் போஸுக்கு நாட்டமில்லை. உரிமையைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார். இதனைப் பெருந்தன்மை என்று போற்றுவோரும் உளர். தேசத்துக்கு வரவேண்டிய ஆக்கத்தை இழந்தார் என்போரும் உளர். இளைஞர் தம்முள் வாதிக்கத் தக்க பொருள்தான். தாவரங்களைப் பற்றிய அவர் கூற்றுக்களை இங்கிலாந்தின் உடற்றொழில் அறிஞர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அவற்றுட் சில பின்னர் உறுதிப்பட்டன, சில இன்றுவரை ஏற்கப்படவில்லை. 1917 நவம்பர் 30இல், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920இல் இராயல் சங்க அங்கத்தவரானார். 1937 நவம்பர் 23ஆந் திகதி கிரிடி என்னும் ஊரில் உயிர் நீத்தார். மார்க்கோனியுடன் ஒப்பிட்டு எழுந்த முதன்மை வழக்கை நாம் இங்கே எடுக்கப் போவதில்லை. அதற்கு எழுதியவர்கள் நிறைய உண்டு.

இடைவெளியின் கதையோ அவருடன் முடியவில்லை. இங்கேதான் குருவாகிய ரேலி பிரபு மீண்டும் வருகிறார்.

இலண்டன் சென் போல் தேவாலயத்தின் கோபுரக் குடையின் அடியில் வட்டமான நடைமாடம் ஒன்று உண்டு. சுவரோரமாக ஒருவர் மெல்லக் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் நிற்பவர் காதில் அது தெளிவாக விழும். ஒலி நடுவெளியைக் கடந்து செல்லாமல், வளைந்த சுவரை ஒட்டித் தவழ்ந்து செல்வதே காரணம் என்று ரேலி விளக்கினார். 1910இல் அதற்குரிய கணிதத்தையும் எழுதினார். தமிழ்நாட்டுத் திருவானைக்காவலிற் பிறந்த சி. வி. இராமன் அவர்களும் 1921இல் இலண்டன் சென்றபோது அந்த மாடத்திற் பரிசோதனை செய்தார். பின்பு பீஜப்பூர்க் கோல் கும்பஸையும் ஆராய்ந்தார்.

ஒலி செய்வதை ஒளியும் செய்யும். சிறு கண்ணாடி உருண்டையொன்றின் உட்சுவரை ஒட்டி ஒளி முழுவுட்டெறிப்பினால் சுற்றிச் சுற்றி ஓடும். ஒரு சுற்று முடியும்போது அலை தன் தொடக்கத்தோடு சரியாகப் பொருந்தினால் ஒளி மேன்மேலும் தேங்கும். வீணையிலே ஒரு தந்தியை மீட்ட, அதே சுருதியிலுள்ள மற்றத் தந்தி தானாக அதிர்வதைப் போன்ற பரிவு இது. இத்தகைய உருண்டைகளையும் வளையங்களையும் ஒளியின் நுண்ணறைகள் எனலாம்.

ஆனால் ஒரு சிக்கல். முழுவுட்டெறிப்பினால் உள்ளே அடைபட்ட ஒளி வெளியே வராது என்றால், வெளியிலிருந்து ஒளி உள்ளே போவதெப்படி? கதவைத் திறந்தாற் சிறை கெடும். மூடினால் ஒன்றும் நுழையாது. விடை 1897இலேயே கிடைத்துவிட்டது. மொஸ்கோவில் பிரகின்ஸ்கி, கொரொடெற்ஸ்கி, இல்சென்கோ ஆகிய மூவரும் 1989இல் உருக்கிய சிலிக்கா நாரின் முனையில் மில்லிமீட்டரினும் சிறிய உருண்டைகளைச் செய்தனர். அவற்றருகே ஓர் அரியத்தைத் தொடாமல் வைத்து, இடைவெளியினூடே ஒளியைப் புகுத்தினர். மாடம் ரேலியினுடையது, வாசல் போஸினுடையது.

இன்றைய சிலிக்கன் சில்லுகளில் அரியமும் இல்லை, உருண்டையும் இல்லை. அரை மைக்குறோமீட்டர் அகலமுள்ள மெல்லிய சிலிக்கன் கீற்று ஒளிக்குப் பாதையாகின்றது. அதன் ஓரத்தில், தலைமயிரின் தடிப்பினும் மிகச் சிறிய விட்டமுள்ள ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்குறோமீட்டரில் ஐந்திலொன்று அளவான இடைவெளி. பாதையிற் செல்லும் ஒளி அவ்விடைவெளியைத் தாண்டி வளையத்துட் புகுகின்றது. இடைவெளி அதிகமானால் வளையத்துக்குக் கிடைப்பது சொற்பம். மிகக் குறைந்தால் புகுந்த ஒளி அதே வாசலால் விரைந்து வெளியேறிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் அளவு உண்டு. ஒரு சுற்றில் வளையத்தினுள் வீணாகும் ஒளியும் இடைவெளியாற் கடந்துவரும் ஒளியும் சமமாகும் அளவு அது. அப்போது வளையத்தின் சுருதிக்குப் பொருந்திய நிறத்து ஒளி முழுவதும் வளையத்தாலேயே விழுங்கப்படும். பாதையின் அப்புறம் இருளே. சுருதியைச் சற்று மாற்றினால் மீண்டும் ஒளி! இருளும் ஒளியுமாக மாற்றி மாற்றிச் செய்தி எழுத இதுவே போதும். 2005இல் அமெரிக்கக் கோர்ணெல் சர்வகலாசாலையில் மிஷல் லிப்சன் அம்மையாரின் குழுவினர் 12 மைக்குறோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் வளையத்தால் இதனைச் செய்து காட்டினர்.

ஒன்றின் அருகே ஒன்றாக இரு வளையங்களை வைத்தால் இன்னும் விநோதம். ஒரே கயிற்றில் தொங்கவிட்ட இரண்டு ஊசல்களில் ஒன்றை ஆட்டினால், அதன் ஆட்டம் மெல்ல மெல்ல மற்றதற்குச் சென்று, பின் திரும்பி வருவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே ஒரு வளையத்து ஒளி இடைவெளியைக் கடந்து மற்றதற்குப் போய் மீளும். தனித்தனியே ஒரே சுருதி உடையவை, பிணைந்தபின் இரு சுருதி உடையனவாகின்றன. ஒன்று சற்று மேல், ஒன்று சற்றுக் கீழ். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பிளவு. நுண்ணறைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒளியைத் தாவச் செய்து மெதுவாக நடத்தலாம் என்று கலிபோர்ணியாவில் யாரிவ் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் 1999இல் எடுத்துரைத்தனர். நடைமுறையிற் படும் பாடு வேறு. வளையத்தின் அகலம் இம்மியளவு பிசகினாலும் சுருதி பிசகிவிடும். ஆகவே வளையந்தோறும் நுண்ணிய சூடாக்கி ஒன்றை வைத்து, வீணைக்குப் பிரடை திருகுவது போல, வெப்பத்தாற் சுருதி கூட்டுகின்றனர்.

போஸின் இரட்டை அரியம் அதே பெரிய உருவிலும் திரும்பி வந்தது. அமெரிக்காவின் அரிசோனா மலையில் நின்ற 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியின் ஏற்பியில், அலையின் வலிமையை வேண்டியவாறு கூட்டிக் குறைக்க, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைக் கையாண்டனர். 2012இல் உலக மின்பொறியியலாளர் நிறுவனமும் பிரசிடென்சிக் கல்லூரியில் அவர் செய்த மில்லிமீட்டர் அலை ஆராய்ச்சியை வரலாற்று மைல்கற்களுள் ஒன்றாக ஏற்றது. கல்கத்தாவின் போஸ் நிலையத்து நூதனசாலையில் அவருடைய பழைய கருவிகள் பேணப்படுகின்றன. அவற்றுள் அவர் அலைகளை உண்டாக்கிய பெட்டியும், ஈயத்தாள் செருகிய நேர அட்டவணையும் உள்ளன.